மேயர் இல்லாத நகரில் ஓர் ஆய்வு

பெங்களூருவின் நகராட்சி வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டு ஐந்தாண்டுகளுக்கு முன் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தேன். சேர்ந்த புதிதில் வீட்டுக்கார அம்மாள் கேட்டார்: "தம்பி, நம்ம வார்டுக்கு இப்ப யாரு கவுன்சிலர்?" யாருமில்லை என்றேன். இதுதான் உன் படிப்பா என்பதுபோல் பார்த்தார்.

2020 செப்டம்பர் 10 அன்று மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்படும்வரை தேர்தல் நடைபெறவில்லை. அதற்கு முன்பும் மேயர் பதவி ஓராண்டுக்கே உரியது. ஒரு வரவுசெலவுத் திட்டத்தைப் புரிந்துகொள்ளவே அக்காலம் போதாது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முப்பது மாதங்களாக நீட்டித்தது. அச்சட்டத்தின்கீழ் ஒருவர்கூட மேயராகவில்லை.

நம் நகர மண்டபத்திற்குப் பெயரளித்த சர் கே.பி. புட்டண்ண செட்டியை இப்பின்னணியில்தான் வாசிக்கத் தொடங்கினேன். 1856இல் பிறந்தவர், மைசூர் அரசுப் பணியில் உயர்ந்தவர், 1913 முதல் பல்லாண்டுகள் பெங்களூரு நகராட்சித் தலைவராக இருந்தவர். 1918இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் நகரைத் தாக்கியபோது அவ்விருக்கையில் இருந்தவரும் அவரே. நகரை ஏற்கெனவே அறிந்த ஒருவரிடம் அந்நெருக்கடி வந்து சேர்ந்தது. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோதோ, இந்நகரில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகள் இருந்தனர், உழைத்தனர். ஆயினும் ஒரு தெருவின் குரலைத் தன் குரலாகக் கொண்டு கேட்கக் கடமைப்பட்டவர் எவருமில்லை.

பழமையைப் போற்றுவது என் நோக்கமன்று. புட்டண்ண செட்டி காலத்தில் நகராட்சி வாக்குரிமை சொத்தும் வரியும் உடைய சிலருக்கே இருந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு அன்று வாக்கே இருந்திராது. அன்று தலைவருக்குக் காலம் இருந்தது, மக்களுக்கு வாக்கில்லை. இன்று மக்களுக்கு வாக்குரிமை உண்டு. அதைச் செலுத்தத் தேர்தல் இல்லை, வென்றவர்க்குக் காலமும் இல்லை. நீண்டகாலப் பதவி ஆதிக்கமாகத் திரியலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து குறித்த காலத்தில் தேர்தல் நடத்துவது. பதவியைச் சிறுகச் செய்வதன்று. மேயர் மாறிக்கொண்டே இருந்தால் நகரின் நினைவு கோப்புகளிடமே தங்கிவிடுகிறது.

1935இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தை இன்று எல்லோரும் 'டவுன் ஹால்' என்றே அழைக்கிறார்கள். பெயர் மறைந்தது எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கார அம்மாளின் கேள்விக்கு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பேனும் ஒரு பெயரை விடையாகச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.