ஆர் நதிப் பள்ளத்தாக்கில் சிவப்புத் திராட்சை

ஒரு வீட்டின் நிலவறையில் ஆறு பிறக்கிறது என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் பிளாங்கன்ஹைம் என்ற சிற்றூரில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. மரச் சட்டம் போட்ட பழைய காலத்து வீடு. அதன் அடியிலிருந்து ஊற்று கிளம்பி, வாய்க்கால் மாதிரி வெளியே வந்து, ஐஃபெல் மலைகளுக்குள் வளைந்து வளைந்து 85 கிலோமீட்டர் ஓடி ரைன் நதியில் சேர்கிறது. அதற்குப் பெயர் ஆர். இரண்டே எழுத்து. சாதாரண நாளில் குழந்தைகள் கால் நனைத்து விளையாடுகிற அளவுதான் தண்ணீர். இந்தச் சின்ன ஆற்றின் கீழ்ப்பகுதியில், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்கு, மலைச் சரிவெல்லாம் திராட்சை. அதிலும் பெரும்பகுதி சிவப்பு ஒயினுக்கான கறுப்புத் திராட்சை.

ஜெர்மனியில் ஒயின் என்றால் வெள்ளை ஒயின்தான் பிரசித்தமாம். இங்கே மட்டும் தலைகீழ். பத்துப் பங்கில் சுமார் எட்டுப் பங்கு சிவப்பு. மொத்தமே சுமார் 560 ஹெக்டேர், நம் கணக்கில் 1,400 ஏக்கர் வரும். அந்த நாட்டின் 13 ஒயின் பிரதேசங்களில் இது சின்னவற்றில் ஒன்று.

என் தங்கை பான் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். 2023-ல் அவள் பிரசவத்துக்காக நான் போய் மூன்று மாதம் இருந்தேன். பூண்டுக் குழம்பு, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் என்று நாள் போனதே தெரியவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, "அக்கா, நீ கம்பம் பள்ளத்தாக்குக்காரி. இந்த ஊர்த் திராட்சையைப் பார்க்காமப் போனா நம்ம ஊர்ல யாராவது மதிப்பாங்களா?" என்று சொல்லி, பிள்ளையை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் பால் பாட்டில் பையோடு பின்னால் வந்தார்.

ரயில் ரைன் ஓரமாக ரேமாகன் வரை போய், அங்கிருந்து மலைக்குள் திரும்புகிறது. நான் போன சமயம் வால்போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரோடு தண்டவாளம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெள்ளம் கொண்டு போய்விட்டது. மிச்ச தூரத்துக்குப் பஸ். வெள்ளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது.

ரயிலடியிலிருந்து ஏறினால் "சிவப்பு ஒயின் நடைபாதை" வந்துவிடுகிறது. 1972-ல் போட்ட பாதை. ஏறக்குறைய 35 கிலோமீட்டர், முழுக்கத் தோட்டங்களின் நடுவிலேயே போகிறது. கட்டணம் கிடையாது. நாங்கள் நடந்தது டெர்னாவ் வரை மட்டும். அதற்கே எனக்கு முழங்கால் பேசியது.

நம் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி கட்டி, தலைக்கு மேலே பந்தலில் படர விடுவோம். கொத்து நம் தலையில் இடிக்கும். இங்கே கொடி நிமிர்ந்து நிற்கிறது, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். காரணம் வெயில். நம் ஊரில் வெயிலுக்கு மறைப்பு வேண்டும். அவர்களுக்கோ வெயில் போதாது. பூமத்திய ரேகையிலிருந்து அத்தனை வடக்கே தள்ளி இருக்கிற ஊர். அதனால் தெற்குப் பார்த்த சரிவாகப் பொறுக்கி, படிப்படியாகக் கல் அடுக்கிச் சுவர் கட்டி, அதில் வைத்திருக்கிறார்கள். சுவரில் சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் இல்லை, வெறும் கல்லின் மேல் கல். மண்ணும் மண்ணாக இல்லை. கறுத்த பலகைக் கல், நாம் சின்ன வயதில் எழுதிய சிலேட்டு மாதிரியே தட்டைத் தட்டையாக உடைந்து கிடக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெள்ள விடுமாம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா, அதே கதைதான். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காற்று சிலுசிலுவென்று இருக்க, கல் வெதுவெதுப்பாக இருந்தது.

இத்தனை செங்குத்தில் டிராக்டர் ஏறாது. கிளை கழிப்பது, கட்டுவது, இலை கிள்ளுவது, அறுப்பது எல்லாம் பெரும்பாலும் கைவேலை. நம் பன்னீர்த் திராட்சை வருஷத்துக்கு இரண்டு மூன்று அறுப்பு தரும். இங்கே ஒரே ஒரு அறுப்பு. அந்த ஒரு மாதம் தப்பினால் வருஷமே போயிற்று.

அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், நாங்கள் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்து ஒரு கொத்து நறுக்கிக் கொடுத்தார். சின்னப் பழம், சுண்டைக்காய் அளவு. தோல் கறுநீலம், உள்ளே விதை, நல்ல தித்திப்பு. தின்ன லாயக்கில்லை என்று நினைத்தவள் நாலு பழம் கூடவே தின்றேன். ஷ்பேட்புர்குண்டர் என்று பெயர் சொன்னார். பிரான்சில் பினோ நுவார் என்பதும் இதுதான். "ஷ்பேட்" என்றால் பிந்தியது. இதற்கு முந்திப் பழுக்கிற தங்கை ஜாதி ஒன்று உண்டு, அது ஃப்ரூபுர்குண்டர். இரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடும்.

ஒரு பழத்தை நசுக்கிக் காட்டினார். சாறு சிவப்பாக இல்லை! கஞ்சித் தண்ணீர் நிறம். சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்து நாள் கணக்கில் நொதிக்க விட்டால்தான் சாயம் இறங்கும். உடனே பிழிந்து வடித்தால் கறுப்புத் திராட்சையிலேயே வெள்ளை ஒயின் வந்துவிடும் என்றார். இதை நான் இன்றுவரை அறியவில்லை.

டெர்னாவில் ஒரு தோட்டக்காரர் வாசலில் பலகை போட்டு, பாதி நொதித்த சாறு விற்றார்கள். ஃபெடர்வைஸர் என்று பெயர். அறுப்புக் காலத்தில் சில வாரங்கள் மட்டும்தான் கிடைக்கும். பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது. உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது, வெடித்துவிடும். காலையில் இனிப்பு, மறுநாள் புளிப்பு, அப்புறம் வெறி. நம் கள்ளுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூடவே வெங்காயத்தை வதக்கி, முட்டையும் பாலேடும் சேர்த்து மாவின் மேல் பரப்பிச் சுட்ட பணியாரம் ஒன்று தருகிறார்கள். வெங்காயம் மட்டும் அருமை. காரம் துளி இல்லை. இரண்டு பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும்! தங்கை வீட்டுக்காரர், "மதினி, ஒரு வாய் ருசி பாருங்க, சாறுதான்" என்றார். நான் தொடவில்லை. பால் கொடுக்கிறவள் நீயும் தொடாதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். சாதா திராட்சைச் சாறு கேட்டால் அதுவும் தருகிறார்கள். நாங்கள் இருவரும் அதைத்தான் குடித்தோம்.

என் தாய்மாமா குடியாலேயே 46 வயதில் போனார். அத்தை இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆகவே அந்த அழகான சரிவுகளைப் பார்க்கப் பார்க்க மனசு ஒட்டவும் மாட்டேன் என்றது, விலகவும் மாட்டேன் என்றது. அறுப்புக்கார அம்மாவிடம், "இங்கேயும் ஆம்பிளைங்க குடிச்சிட்டு வீட்டை அழிக்கிறாங்களான்னு கேளு" என்றேன். தங்கை கேட்கத் தயங்கினாள், நான் விடவில்லை. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இங்கேயும் உண்டு. எங்கள் தெருவிலேயே உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து கத்திரியை எடுத்துக்கொண்டார். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சிலர் சொல்வதை நீங்களும் படித்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், மதுவில் பத்திரமான அளவு என்று ஒன்று இல்லை, முதல் சொட்டிலிருந்தே அபாயம்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. மருந்து என்று பெயர் வைத்து யாரும் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம்.

ஆனால் அந்த ஜனங்களின் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளி மாய்ஷோஸ் என்ற ஊர். 1868-ல் அங்கே 18 குடியானவர்கள் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வறுமை. சாக்கு சாக்காக விளைந்தாலும் வியாபாரி சொன்னதே விலை. பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். தனித்தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்று சேர்ந்து பிழிந்து, சேர்ந்து விற்றார்கள். நம் பால் சொசைட்டி மாதிரிதான். ஒயின் தோட்டக்காரர்கள் சங்கங்களில் ஜெர்மனியிலேயே மிகப் பழமையானவற்றில் ஒன்று அது.

இனி வெள்ளம். 2021 ஜூலை 14-ம் தேதி. ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மண் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது, கல் மலை தண்ணீரைக் குடிக்கவில்லை, பள்ளத்தாக்கோ குறுகல். மரம், கார், எல்லாம் வந்து பாலங்களில் அடைத்து, அணை போலத் தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆல்டன்ஆர் என்ற ஊரில் அதற்கு முன் பதிவான அதிக உயரம் 2016-ல் 3.71 மீட்டர். இந்த முறை அளக்கிற கருவியே அடித்துப் போய்விட்டது. ராத்திரிக்குள் இந்த ஆற்றோரத்தில் மட்டும் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். ஸின்ஸிக் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில், கீழ்த்தளத்தில் இருந்த 12 பேர் வெளியே வர முடியாமல் போனார்கள். இதைத் தங்கை சொன்னபோது பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதே ஆறு 1804-லும் 1910-லும் இதே போல் பொங்கி ஆட்களைக் கொண்டு போயிருக்கிறது. இரண்டு தலைமுறை போனால் மனிதர்களுக்கு மறந்துவிடுகிறது, என்ன செய்ய.

மேட்டில் இருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின. கீழே நிலவறைகளில் இருந்த பீப்பாயும் பாட்டிலும் சேற்றில் போயின. மாய்ஷோஸுக்கு இரண்டு பக்கச் சாலையும் போக, தோட்டத்து வண்டிப் பாதைதான் வெளியுலகத்துக்கு வழி. இன்னும் இரண்டு மாதத்தில் அறுப்பு. பிழிய மிஷின் இல்லை, வைக்கப் பாத்திரம் இல்லை. மற்ற ஒயின் பிரதேசங்களிலிருந்து தோட்டக்காரர்கள் ஆட்களோடும் கருவிகளோடும் வந்து இறங்கினார்கள். வியாபாரத்தில் போட்டிக்காரர்கள்தான் அவர்கள். சேற்றிலிருந்து எடுத்த பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே "வெள்ள ஒயின்" என்று நன்கொடைக்காக விற்றார்கள். 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒரு பாட்டிலை ஒரு கடை அலமாரியில் பார்த்தேன், சேறு காய்ந்து வெடித்தபடி.

திரும்புகிற வழியில் ஆர்வைலரில் இறங்கினோம். ஊரைச் சுற்றி 13-ம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது. பக்கத்து மலையில், திராட்சைக் கொடிகளுக்கு அடியிலேயே, அணுகுண்டுக்குப் பயந்து அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனி அரசாங்கம் 17 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி வைத்திருந்தது. 3,000 பேர் 30 நாள் ஒளிந்திருக்கலாமாம். இப்போது கொஞ்சம் பகுதி மியூசியம். பிள்ளை அழுததால் உள்ளே போகவில்லை.

எனக்குப் பிடித்த கதை பாட் நோயனார் ஊரில் கிடைத்தது. 1852-ல் கியோர்க் க்ரோய்ட்ஸ்பெர்க் என்பவர் தோட்டத்தில் கொடிகள் காரணமில்லாமல் பட்டுப் போயின. தோண்டிப் பார்த்தால் அடியில் வாயு கலந்த ஊற்று! ஒயின் போனது, தண்ணீர் வந்தது. அப்போலினாரிஸ் என்று பெயரிட்டு விற்றார்; உலகம் முழுக்கப் போனது. நம் கோலி சோடா மாதிரி சுறுசுறுவென்று நாக்கில் ஏறுகிறது. நான் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தேன்.

ஆற்றோரம் நடந்தபோது பல வீடுகளில் கீழ்த்தளம் வெறுமனே செங்கல்லாக இருந்தது, பூச்சு இல்லை. மாடி ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு கோடு, வருஷமும் தேதியும் எழுதி. ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் ஜன்னல் பக்கம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அடுப்படி மாடிக்கு ஏறியிருந்தது. தங்கை விசாரித்தாள். வேறு ஊருக்குப் போகச் சொல்லி மகன் கெஞ்சுகிறானாம். "கொடி மேலே இருக்கிறது, நான் எங்கே போக?" என்றார் பாட்டி. கீழே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "விறகும் சைக்கிளும். போனால் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்து அடுக்கினார்.