மான்வேட்டை உடை: ஒரு தையற்காரரின் நினைவு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் நாவில் அடிக்கடி புழங்கும் பழமொழி. அழகு கருதிச் சொல்லப்பட்டதாகவே பலரும் அதற்குப் பொருள் கொள்வர். என் தாய்வழிப் பாட்டனாரோ அதனை உயிர் கருதிச் சொல்லப்பட்டதாகக் கொண்டவர். நாங்கள் அவரை 'நன்னா' என்றழைப்போம். மதுரைப் புதுமண்டபத்தில் தையற்கடைகள் நிறைந்திருந்த அந்நாளில் அங்கே தொழில் பழகி, பின்னர் வாடிப்பட்டிக் கடைவீதியில் ஒற்றை இயந்திரத்துடன் அமர்ந்தவர். ஊராருக்குச் சட்டை தைத்தார். பெருநாள் நெருங்கினால் இரவெல்லாம் விழித்திருந்து தைத்தார். இவற்றோடு, மலைக்கு மான்வேட்டைக்குச் செல்வோருக்கு உடை தைப்பவர் என்னும் பெயரும் அவருக்கு இருந்தது.

இன்றைய மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் மான்வேட்டை குற்றமாயிற்று. அது முற்றிலும் தக்கதே. அதற்கு முன்னர் உரிமம் பெற்று வேட்டையாடுவது செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தது. நீலகிரியில் 1877ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1879இல் சட்டமும் வந்தது. வேட்டையாடியவர்களே விலங்கு குறைவது கண்டு அஞ்சி அமைத்த சங்கம் அது. இலங்கையின் நுவரெலியாவில் 1840களின் இறுதியில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், குளிரும் மழையும் மிக்க ஹோர்ட்டன் சமவெளியில் நாய்களை ஏவிக் கடமான் வேட்டையாடியதைத் தனி நூலாகவே எழுதினார். நாம் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வதை ஈழத்தார் மரை என்பர். சங்கப் புலவர்க்கும் அச்சொல் பழகிய சொல்லே.

எங்கள் ஊர் சிறுமலையின் அடிவாரத்தில் இருப்பது. ஆனால் நன்னாவிடம் உடை தைத்தவர்கள் அதனினும் உயர்ந்த பழனிமலைத் தொடருக்குச் செல்பவர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது நிலநூலார் கணக்கு. கோடைக்கானலோ இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல். வாடிப்பட்டியில் வியர்த்துக்கொண்டு வண்டியேறுகின்றவன் மேலே சென்று இறங்கும்போது பதின்மூன்று பாகை குறைந்த வேறோர் உலகில் நிற்கின்றான். ஐப்பசி, கார்த்திகை மழையும் காற்றும் அதனோடு சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டுவதில்லை.

நன்னாவின் முதல் விதி, பருத்தியை உடலோடு ஒட்ட விடாதே என்பது. பருத்தித் தறிகள் நிறைந்த நாட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்று அறிவியல் துறை நண்பர் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார். நன்னாவுக்கு அக்கணக்குத் தெரியாது. "நனைந்த பருத்தி ஈரக்கை மாதிரி, உடம்பை விடாது" என்பார். எனவே உள்ளே மெல்லிய கம்பளிப் பனியன். அதன்மேல் கையில்லாத, தடித்த கம்பளி மேற்சட்டை. கைகளைப் பின்னர்க் காத்துக்கொள்ளலாம், நெஞ்சை முதலில் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எல்லாவற்றிற்கும் மேலே நெருக்கமாய் நெய்த துணியில் மெழுகு ஏற்றிய தொளதொளப்பான அங்கி. அக்குளில் இருபுறமும் காற்றுப்போக வாய்வைத்துத் தைப்பார். மேடேறும்போது மேலுடையைக் கழற்றிவிட வேண்டும், உட்காரும்போது போட்டுக்கொள்ள வேண்டும். நடப்பவனுக்கு ஓர் உடை, காத்திருப்பவனுக்கு ஓர் உடை என்பார். மான்வேட்டையில் நடை கொஞ்சம், காத்திருப்பே மிகுதி. வியர்த்தவன் அசையாமல் அமரும்போதுதான் குளிர் அவனைப் பிடிக்கும்.

கம்பளிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உள்வாங்கியும் அது தொட்டால் ஈரமாகத் தோன்றாது. அதன் சுருள் இழைகளுக்கிடையே தேங்கிய காற்று உடற்சூட்டை வெளியே விடாது. மேலும் அது ஓசை செய்யாது. புதர் உரசினால் மெழுகுத் துணி சரசரக்கும். கடமானுக்கு அந்த ஓசை போதும். ஆகவே மெழுகங்கிக்கும் மேலே பழைய கம்பளித் துண்டொன்றைப் போர்த்திக்கொள்ளச் சொல்வார். பொத்தான்கள் கொம்பாலானவை, உலோகம் கூடாது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கம்பளிப்பட்டி சுற்ற வேண்டும். அட்டைகளுக்காகப் புகையிலைத் தூளும் உப்பும், தீக்குச்சிக்கு மெழுகு பூசிய டப்பா, மாற்றுடை ஒன்று ரப்பர்த் துணியில் சுருட்டியபடி. இந்த மாற்றுடையை மட்டும் எவர் கேட்டாலும் கொடுக்காதே, நீயும் தேவையின்றி உடுத்தாதே என்பது அவர் கட்டளை.

நிறத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பழுப்பும் மங்கிய பச்சையும் தவிர வேறு தைக்க மாட்டார்; நீலம் அறவே கூடாது. மானின் கண்ணுக்குச் செம்மஞ்சள் புலப்படாது, நீலம் நன்கு புலப்படும் என்று இக்கால ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். இன்று நம் மாணவர்கள் மலைக்கு அணிந்து வரும் ஜீன்ஸ், பருத்தியும் நீலமுமாக நன்னாவின் இரண்டு விதிகளையும் ஒருங்கே மீறுகின்றது!

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பத்துப்பாட்டில் ஆடைகளைப் பற்றி நான் எழுதிய நாளில் நன்னா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் நெடுநல்வாடை அவருக்குப் பிடித்திருக்கும். மழையில் மேட்டுநிலம் ஏறிய கோவலர் நெருப்பில் கைகாய்ந்தும் தாடை நடுங்குவதையும், பறவைகள் மரத்திலிருந்து விழுவதையும், கறவைகள் கன்றை உதைப்பதையும் நக்கீரர் காட்டுகின்றார். அதே வாடையில் பாசறையில் உலவும் அரசனோ, நழுவி விழும் மெல்லிய துகிலை இடக்கையால் தழுவியவாறு நடக்கின்றான். அவன் துகிலுக்குப் பதில் கம்பளி போர்த்தியிருக்கலாமே என்று நன்னா கேட்டிருப்பார். கம்பளி அந்நாளில் மதுரைக்கு அரிதன்று. நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகள் குவிந்த மதுரைக் கடைத்தெருவை இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் காட்டுகின்றார். அவற்றுள் மயிர் என்றது விலங்கின் மயிரால் நெய்த துணியையே.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் வேட்டையுடை தைப்பதை ஒருநாள் திடீரென நிறுத்தினார் என்பதை என் தாயார்தாம் எனக்குச் சொன்னார்கள்.

1960களின் தொடக்கத்தில், சோழவந்தான் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் நன்னாவிடம் வேட்டையுடை தைக்கச் சொன்னார். நன்னா வழக்கப்படி கம்பளி மேற்சட்டைக்கு அளவெடுத்துத் துணியும் வெட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் வந்து, நகரத்தில் புதிதாய் ஒரு ரப்பர் மழைக்கோட்டு வாங்கியிருப்பதாகவும், ஆட்டுமயிர்ச் சட்டை உடம்பை அரிக்குமென்றும், உள்ளே அணியக் காக்கிப் பருத்திச் சட்டையே போதுமென்றும் சொன்னார். நன்னா ஒருமுறை மறுத்துப் பார்த்தார். பணம் கொடுப்பவர் சொல்லுக்கு மேல் பேசத் தயங்கிக் காக்கிச் சட்டையையே தைத்துக் கொடுத்தார். சமையலுக்கும், ஹலால் முறையில் அறுப்பதற்குமாக அக்குழுவோடு அவரும் மலையேறினார்.

ரப்பர்க் கோட்டு மழையை உள்ளே விடவில்லை. வியர்வையை வெளியேயும் விடவில்லை. மேடேறி வியர்த்து நனைந்த சட்டையுடன் அவர் காற்றில் நான்கு மணிநேரம் அசையாது பதுங்கியிருந்தார். பொழுது சாய்ந்து தேடிச் சென்றவர்கள், அவர் கோட்டையும் சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுடம்போடு அமர்ந்திருக்கக் கண்டனர். "வெக்கையா இருக்கு" என்றாராம். காட்டுப்பேய் அறைந்ததென்று எண்ணி உடன் வந்தோர் அஞ்சி நின்றனர். நன்னா தம் கம்பளியைப் போர்த்தி அவரை மடியில் கிடத்திக்கொண்டார். விடியுமுன் உயிர் பிரிந்தது.

உடலின் உட்சூடு முப்பத்தைந்து பாகைக்குக் கீழிறங்கி, மேலும் மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடும், நாக் குழறும், சிலர் வெப்பமென மயங்கி ஆடை களைவர் என்று மருத்துவ நூல்கள் இன்று கூறுகின்றன. பனி உறையும் நாடுகளில்தாம் இது நேரும் என்பதில்லை. மழையும் காற்றும் ஈர உடையும் சேர்ந்தால் பத்துப் பாகையிலும் நேரும். நன்னாவுக்கு இவை தெரியாது. 'நான் தைத்த சட்டை அது' என்பது மட்டும் தெரியும்.

இளங்கலை பயின்றபோது சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். குட்டிக்குப் பாலூட்டி வரும்வரை வேடனிடம் மானுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணைநின்ற வரலாற்றை உமறுப்புலவர் உருக்கமாகப் பாடிய பகுதி. கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த வேடன் என்ன உடுத்தியிருந்தான், பார்த்தியாத்தா?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. ஹஜ்ஜுக்குச் செல்வோர் தையலற்ற இரு துணிகளை இஹ்ராமாக உடுத்தியிருக்கும் வரை தரைவிலங்கு எதனையும் வேட்டையாடலாகாது என்ற விதியை அன்று அவரே எடுத்துச் சொன்னார். "தைக்காத துணி" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு அப்போது அது வெறும் மார்க்கச் செய்தியாகவே பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில், குறிஞ்சித் திணையைக் கண்ணால் காண்பிக்கும் ஆவலில் மாணவர்களைக் கோடைமலைக்கு அழைத்துச் சென்றேன். மேல்மலையில் பூம்பாறையைக் கடந்து மன்னவனூர் சென்றோம். அங்கே 1965 முதல் நடுவண் அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. ஆடுகள் அனைத்தும் அடர்கம்பளியோடு சாரலில் அமைதியாக மேய்ந்தன. எம் மாணவர்களோ பருத்தியில் நின்றனர். "ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதோடு என் கடமை முடிந்ததாக நான் நினைத்திருந்தேன். ஆய்வேடு எழுதியவன், நன்னாவின் பேரன்!

மூன்று மணிநேரம் நனைந்தோம். திரும்பும்போது இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் நடுங்கிக்கொண்டு பின்தங்கி வந்தான். பின்னர் நடுக்கம் நின்றது. சரியாகிவிட்டான் என்று உடன் வந்தவர்கள் மகிழ்ந்தனர். அவன் சட்டைப் பொத்தானை அவிழ்த்தவாறு, "வெக்கையா இருக்கு சார்" என்றான்.

என் வயிறு கலங்கியது. அவனை நடக்கவிடாமல் வண்டிக்குத் தூக்கிச் சென்றோம். ஈர உடையை முழுவதும் களைந்து, துவட்டி, ஓட்டுநரின் கம்பளியையும் எங்களிடம் உலர்ந்திருந்த துணி அனைத்தையும் சுற்றினோம். கைகால்களைத் தேய்க்கப் புறப்பட்டவர்களைத் தடுத்தேன். குளிர்ந்த குருதி திடீரென நெஞ்சுக்கு ஏறுவது கேடென்று படித்திருந்தேன். இரு மாணவர்கள் இருபுறமும் அவனை அணைத்துக்கொண்டனர். விழுங்கத் தெளிவு வந்த பின்னரே சர்க்கரை மிகுந்த சூடான தேநீர் கொடுத்தோம். நகர மருத்துவமனையை அடைவதற்குள் மீண்டும் நடுங்கத் தொடங்கினான். ஒரு மனிதன் நடுங்குவதைக் கண்டு அன்றுபோல் நான் மகிழ்ந்ததில்லை. மறுநாள் மாலை தன் தந்தையோடு வீடு திரும்பினான். தந்தை என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து தாயாரிடம் நடந்ததைக் கூறினேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, நன்னாவின் தகரப்பெட்டியைத் திறந்து, வேப்பிலைச் சருகுகளுக்கிடையே மடித்திருந்த பழுப்புநிறக் கம்பளித் துணியை எடுத்து வந்தார்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று துண்டுகள். மார்பளவு முப்பத்தெட்டு என்ற சாக்குக்கட்டிக் குறி இன்னும் அழியவில்லை. விளிம்பில் ஒரு தையலும் இல்லை.