எஞ்சாமி

2022 வைகாசி முகூர்த்தம் ஒன்றில், வெள்ளகோவில் மண்டபமொன்றில் எங்கள் வீட்டுத் திருமண வரவேற்பு. ஒலிபெருக்கியில் 'எஞ்சாய் எஞ்சாமி' ஒலித்ததும் சிறுவர் முதல் மாமன் மச்சான்மார் வரை மேடைக்கு முன்னே திரண்டு ஆடத் தொடங்கினர். நாங்களும் ஆடினோம். வேர்த்துப்போய் வாசற்பக்கம் வந்தபோது, கடைசி நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த மூதாட்டி கேட்டார்: "என்னுங் சாமி, எளவுப் பாட்டுக்கு இந்த ஆட்டம் ஆடறாங்கொ?"

எங்கள் தோட்டத்தில் நாற்பதாண்டுகள் களையெடுத்தவர் அவர்.

2021 மார்ச் 7 அன்று 'மாஜா' தளம் வெளியிட்ட பாடல் அது. அறிவு எழுதி, அவரும் தீயும் பாடியது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். யூடியூபில் மட்டும் நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. அதை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. விசைத்தறிச் சத்தத்தை மீறி, காதில் செருகிய கருவியிலும் கேட்டோம். தீயின் குரலில் துள்ளலைக் கேட்டோம், அறிவின் ராப்பில் வேகத்தைக் கேட்டோம். அடியில் ஓடிய ஒப்பாரியை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே கேட்பில் பிடித்துவிட்டார். (இலக்கியம் வாசிப்பவர்கள் என்ற எண்ணம் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.)

'என் சாமி' என்பதுதான் மருவி எஞ்சாமி ஆயிற்று. கொங்கு நாட்டில் இச்சொல்லுக்கு இரண்டு முகங்கள். அப்பத்தா எங்களை மடியில் கிடத்தி 'எஞ்சாமி' என்று கொஞ்சினார். அதே வாசலில், திண்ணைக்குக் கீழே நின்று, பண்ணையாட்கள் ஐந்து வயதுப் பிள்ளைகளான எங்களைச் 'சாமி' என்று விளித்தனர். ஒன்று கொஞ்சல், மற்றொன்று கும்பிடு. இரண்டையும் ஒரே இனிப்பாக வாங்கிச் சுவைத்து வளர்ந்தோம். பதிலுக்கு நாங்கள் அம்மூதாட்டியை 'ஆத்தா' என்று ஒரு நாளும் அழைத்ததில்லை. பெயர் சொல்லித்தான் அழைத்தோம், அதுவும் ஒருமையில்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் அருகிலுள்ள நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தனர். காட்டை அழித்து நிலமாக்கியவருக்கு நிலமில்லாமற் போன கதையே அந்தப் பாடல். சொந்தக் கிணறும் தென்னந்தோப்பும் உடைய நாங்கள் அதற்கு ஆடிக்கொண்டிருந்தோம்.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று பா. ரஞ்சித் கண்டித்தார். திருமணம் முடிந்த இரண்டே மாதத்தில், சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாட, அங்கும் அறிவு இல்லை. பாட்டு யாருடையது என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் மாறி மாறி அறிக்கை எழுதினர். தேநீர்க் கடையில் நாங்கள் அறிவின் பக்கம் நின்று உரக்க வாதிட்டோம். வாதிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், களத்தில் அம்மூதாட்டி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

மறு ஆண்டு, அவரது ஒப்பாரியைப் பதிவு செய்துகொள்ளலாமென்று கைப்பேசியோடு அவர் வீட்டுக்குப் போனோம். அந்தத் தெருவுக்குள் நாங்கள் நுழைந்தது அன்றுதான். எவ்வளவு கேட்டும் பாட மறுத்தார். "ஆருஞ் சாகாம எப்படிங் சாமி அழுவறது?"

கிளம்பும்போது, தயங்கித் தயங்கி, இனி எங்களைச் சாமி என்று கூப்பிட வேண்டாம், ஆத்தா என்றோம். அவர் சற்று நேரம் எங்கள் முகங்களையே பார்த்தார்.

"செரிங் சாமி" என்றார்.