பழுதறியும் அறிவும் அதன் கூலியும்

ஆசிரிய நியமனம் பெறும் இளைஞன் முதற் சம்பளம் கைக்கு வந்ததும் செய்யும் முதற் காரியம், மோட்டார் சைக்கிளொன்றுக்குத் தவணைப் பணம் கட்டத் தொடங்குவதே என்று கூறினால் அது மிகையாகாது. நியமனம் பெரும்பாலும் ஊருக்கு வெளியிலேதான் கிடைக்கிறது. அங்கே செல்லும் பஸ்வண்டி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பாடசாலை மணியோ பஸ்வண்டிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே கமக்காரனுக்கு மண்வெட்டி எத்தகையதோ அத்தகையதே ஆசிரியனுக்கு மோட்டார் சைக்கிள். அது தொழிற் கருவி. கருவியை வாங்குவது ஒரு நாட் காரியம். அதனை உழைக்கும் நிலையிலே வைத்திருப்பது பல்லாண்டுக் காரியம். இந்தப் பல்லாண்டுக் காரியத்திலே எவருடைய அறிவு செலவாகிறது, அவ்வறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2015இலே நாம் வாங்கியது 100 சி.சி. வலுவுள்ள இந்திய வண்டி. யாழ்ப்பாண நகரின் ஓரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, தீவகத்துப் பாடசாலையொன்றுக்குப் போகவர 40 கிலோமீற்றர். ஆண்டொன்றிலே பாடசாலை நடைபெறும் நாள்கள் ஏறத்தாழ 200. எனவே ஆண்டுக்கு 8,000 கிலோமீற்றர். கொரோனாத் தொற்றின்போது பாடசாலைகள் மூடிக் கிடந்த மாதங்களைக் கழித்துவிட்டாலும், வண்டி இதுவரை 70,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறது.

தீவகப் பாதையிலே ஓடும் வண்டிக்கு வேகம் பகையன்று, உப்புக்காற்றே பகை. இருமருங்கும் கடல்நீர் கிடக்கும் அந்தத் தாம்போதியிலே சோளகம் வீசும் மாதங்களில் உப்பீரம் வண்டியின் ஒவ்வொரு மூட்டிலும் படிகிறது. சில்லுக் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. செம்புக் கம்பிகளின் பொருத்துகளிலே பச்சைக் களிம்பு ஏறி, மின்னோட்டம் தடைப்படுகிறது. செயின் காய்ந்து இறுகுகிறது. இவற்றுக்கெல்லாம் பெருஞ் செலவு வேண்டியதில்லை. கிழமைக்கு ஒருமுறை நன்னீராற் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டாற் போதும். ஆயின் அந்த ஒருமுறையைத் தவறாது செய்தல் வேண்டும்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து பழைய அப்பியாசக் கொப்பியொன்றிலே நாம் கணக்கு எழுதி வருகிறோம். திகதி, ஓடிய தூரம், செய்த வேலை, பொருளின் விலை, வேலைக்கூலி என ஐந்து நிரல்கள். ஏறத்தாழ 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை இயந்திர ஒயில் மாற்றப்பட்டிருக்கிறது. ஒயில் உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. வெப்பத்தைக் கடத்துகிறது, உலோகங்கள் தேய்ந்து உதிரும் நுண்துகள்களையும் தன்னோடு சுமக்கிறது. நாளடைவிலே அதுவும் களைத்துப்போகிறது. செயினை மாற்றும்போது முன்னும் பின்னுமுள்ள பற்சில்லுகளையும் சேர்த்து மாற்றியிருக்கிறோம். பழைய பற்சில்லிலே புதுச் செயினைப் பூட்டினால், தேய்ந்த பற்கள் புதியதையும் விரைவிலே தேய்த்துவிடும். இவ்வாறு பக்கம் பக்கமாகப் புரட்டிச் செல்லும்போது ஓருண்மை கண்ணிற் படுகிறது. பொருளின் விலை எழுதிய நிரலிலே பெரிய எண்கள். வேலைக்கூலி எழுதிய நிரலிலே சிறிய எண்கள். பொருளுக்கு நூறு ரூபா கொடுத்த இடத்திலே கைக்கு இருபது ரூபாவும் கொடுக்கப்படவில்லை. இந்த இரு நிரல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலே எமது சமூகத்தின் வரலாறு ஒன்று அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

பராமரிப்பு என்பது சிக்கனக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோருக்கு 2022ஆம் ஆண்டு பாடம் புகட்டியது. அவ்வாண்டு சனவரியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா. யூன் மாத இறுதியில் அது 470 ரூபா. விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தோருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. நாட்கணக்கிலே வரிசைகள் நீண்டன. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று யூன் இறுதியிலே அரசு அறிவித்தது. பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என வரையறுக்கப்பட்டது.

எமது கணக்கை வாசகர்கள் பார்க்கட்டும். ஐந்து பாடசாலை நாள்களுக்கு 200 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 4 லீற்றர் சரியாகப் போதும். காற்று வடிகட்டியிலே தூசி அடைத்தால் உள்ளே செல்லும் காற்றுக் குறைகிறது. காற்றுக் குறைந்தாற் கலவையிலே பெற்றோல் மிகுகிறது. எரியாத கரி பிளக்கின் முனையிலே படிகிறது. ரயரிற் காற்றுக் குறைந்தாலும், பிறேக் சில்லோடு உரசிக்கொண்டிருந்தாலும், கிளச் வழுக்கினாலும் இதே கதைதான். இவையெல்லாம் சேர்ந்து லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்ற நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்தால், 4 லீற்றரில் 160 கிலோமீற்றர் மட்டுமே ஓடலாம். வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு ஆசிரியன் இல்லை. தூசி படிந்த வடிகட்டி ஒன்று, தீவகத்துப் பிள்ளைகள் நாற்பது பேரின் ஒருநாட் கல்வியை விழுங்கிவிடும். அக்காலத்திலே கராஜ் வாசலிற் காத்து நின்ற ஆசிரியர் அனைவரும் இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தவர்கள்தாம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று. 1990இலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே பெற்றோலும் பற்றரியும் அடங்கியிருந்தன. எமது தந்தையர் சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டினர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்த வித்தைகளைக் கண்டவர்கள் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்திலே இருந்தவர்களல்லர். வீதியோரக் கொட்டில்களிலே கைகளில் ஒயில் படிந்து கிடந்தவர்களே அவற்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை.

அத்தகைய கொட்டிலொன்றிலேதான் எமது வண்டியும் இன்று பராமரிக்கப்படுகிறது. அதை நடத்துபவன் இருபத்தைந்து வயது இளைஞன். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றவன். அவனுடைய பெறுபேற்றுப் பத்திரத்திலே கணிதத்துக்கு நேரே சித்தியின்மை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயின் வால்வு இடைவெளியை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவிலே வைத்துச் சரிபார்ப்பவனும் அவனே. அவனது முறையை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம்.

ஒருமுறை வண்டி பாலத்தின் நடுவிலே நின்றுவிடத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் மீண்டும் இயங்கும். சற்றுத் தூரம் சென்றதும் மீண்டும் நிற்கும். நகரிலே பெரிய கராஜொன்றிற் காட்டினோம். சூடேறியதும் மின்கருவி செயலிழக்கிறது, தீப்பொறி வழங்கும் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை எமது சம்பளத்திலே காற்பங்கு. மாதக் கடைசியாகையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இளைஞனிடம் சொன்னோம். அவன் வண்டியைத் தொடவில்லை. முதலிலே ஒரு கேள்வி கேட்டான்.

“சேர், எப்ப பெற்றோல் அடிச்சனீங்கள்? நிரம்ப அடிச்ச நாளிலையோ கூட நிக்குது?”

எண்ணிப் பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது. “அப்ப நிக்கிற இடத்திலை வைச்சுத்தான் பாக்கவேணும்” என்று கூறி, எமக்குப் பின்னால் ஏறி அமர்ந்தான். பாலத்திலே வண்டி நின்றது. உடனே பிளக்கைக் கழற்றி, உலோகத்தின்மீது சாய்த்துவைத்து உதைக்கச் சொன்னான். நீலத் தீப்பொறி பாய்ந்தது. ஆகவே மின்சாரத்திலே பழுதில்லை. பிளக்கின் முனை காய்ந்திருந்தது. ஆகவே பெற்றோல் இயந்திரத்துக்கு வந்து சேரவில்லை. ராங்கிலோ பெற்றோல் நிரம்பியிருக்கிறது. அவன் ராங்கின் மூடியை மெல்லத் திருகினான். “ஸ்ஸ்” என்று காற்று உள்ளே புகுந்தது. ஒரே உதையில் வண்டி இயங்கியது.

“ராங் மூச்சு விடேல்லை, சேர். அதுதான் அந்தரப்படுது.”

மூடியிலே காற்றுப் புகுவதற்கென நுண்ணிய துளையொன்று உண்டு. உப்பும் தூசியும் சேர்ந்து அது அடைபட்டிருந்தது. பெற்றோல் இறங்க இறங்க மேலே வெற்றிடம் உண்டாகி, மேலும் இறங்கவிடாது தடுத்திருக்கிறது. ராங் நிரம்பியிருக்கும்போது உள்ளே காற்று குறைவு. ஆதலால் வெற்றிடம் விரைவிலே உண்டாகிறது. இளைஞன் ஊசியொன்றினால் அத்துளையைக் குத்திவிட்டான். எவ்வளவு என்று கேட்டோம்.

“ஊசியாலை குத்தினதுக்குக் காசு வாங்கினால் ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம், சேர்?”

வற்புறுத்திக் கொடுத்தோம் என்பது வேறு கதை. அவனுடைய கேள்வியே ஆராயத்தக்கது. கேள்வி கேட்டு அறிதல், ஐயப்பாடுகளை வரிசைப்படுத்தல், ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கல், எஞ்சியதை நிறுவல் ஆகிய இவையே விஞ்ஞான முறையென நாம் பாடநூல்களிலே படிப்பிக்கிறோம். நோயின் மூலத்தை அறியாது மருந்து கொடுத்தலாகாது என்று குறளின் மருந்து அதிகாரத்துக்கு உரை கூறுகிறோம். வகுப்பிலே பரீட்சைக்காகக் கூறப்படும் அம்முறையை வீதியிலே வாழ்க்கைக்காகக் கையாள்பவன், தான் செய்தது கூலிக்குரிய வேலை என்றே கருதவில்லை. ஏன்? பொருளொன்றை மாற்றினாலன்றிப் பணம் கேட்க முடியாது என்ற வழக்கத்திலே அவன் வளர்ந்திருக்கிறான். அவ்வழக்கத்தை உண்டாக்கியவர்கள் வாடிக்கையாளராகிய நாமே.

இவ்வழக்கத்தின் விளைவு பாரதூரமானது. அறிவுக்குக் கூலி இல்லையென்றால், பழுதைச் சரியாக அறிந்த தொழிலாளி வெறுங்கையோடு வீடு செல்கிறான். பழுதை அறியாது முழுப் பகுதியையும் மாற்றுபவன் பொருளிலே இலாபம் காண்கிறான். நேர்மை தண்டிக்கப்படுகிறது, அறியாமை பரிசு பெறுகிறது. மாற்றப்படும் பாகங்களோ பெரும்பாலும் கடல்கடந்து வருபவை. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே இந்நாட்டின் பழைய வண்டிகளை ஓடச் செய்தவர்கள் இத்தகைய இளைஞர்களே. அந்நியச் செலாவணியைப் பற்றி மேடைகளிலே பேசுவோர், ஊசிமுனையாலே அதனை மிச்சப்படுத்துவோரை நினைப்பதில்லை.

இங்கே பாடசாலைக்கும் பங்குண்டு. 2013இலே உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும், “படிப்பு ஏறாவிட்டால் கராஜுக்குப் போ” என்னும் வசை ஆசிரியர் ஓய்வறைகளிலே இன்றும் ஒலிக்கிறது. கை வேலை, மூளை வேலை என்னும் பிரிவினையிலே பழைய சாதியுணர்வின் வாடையும் கலந்திருக்கிறது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆசிரியை ஒருவர் தமது ஸ்கூட்டியைக் கராஜுக்குக் கொண்டு சென்றால், பழுதைப் பற்றி அவருக்கு விளக்காது, கூடவந்த தம்பிக்கு விளக்குகிறார்கள். அறிவை ஒரு சாராருக்கு மட்டும் உரியதாக்கும் பழக்கம் பல வடிவங்களிலே உலவுகிறது.

தேசிய தொழிற்றகைமை முறையிலே ஏழு மட்டங்கள் உள்ளன. அனுபவத்தால் தொழில் பழகியவரைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. இதனை அவ்விளைஞனுக்கு எடுத்துக் கூறினோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “அது எடுத்தால் சனம் கூலி கூடத் தருமோ, சேர்?”

நியாயமான கேள்வி. சான்றிதழ் அரசு தருவது. மதிப்பு சமூகம் தருவது. முதலாவதைப் பெறுவதற்கு அவனுக்கு உதவலாம். இரண்டாவதை அவன் தனியே பெற முடியாது. சோதித்துப் பார்த்ததற்குத் தனிக்கூலி என்று கராஜிலே எழுதி வைக்கும் துணிவு அவனுக்கு வரவேண்டுமானால், அதனை முகஞ்சுளிக்காது கொடுக்கும் வாடிக்கையாளர் முதலிலே தோன்றவேண்டும். வைத்தியர் மருந்து எழுதாவிட்டாலும் அவருக்குக் கட்டணம் கொடுக்கும் நாம், வண்டி பார்ப்பவனுக்கு அதனை மறுப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

ஆசிரிய நண்பர்கள் மேலும் ஒன்றைச் செய்யலாம். பாடசாலையிலே வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் கற்கும் மாணவரிடம் ஒருநாள் இத்தகைய தொழிலாளியை அழைத்து வந்து, வளவாளருக்குரிய மரியாதையோடும் கொடுப்பனவோடும் வகுப்பு நடத்தச் செய்யலாம். பழுதான இயந்திரம் ஒன்று நடுவிலே இருக்கட்டும். மாணவர் கேள்வி கேட்கட்டும். பெண்பிள்ளைகளும் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்கட்டும். எமது கொப்பியின் வேலைக்கூலி நிரலிலே, பொருள் எதுவும் வாங்காத அந்த நாளுக்கு நேரே, “பழுது கண்டறிந்தமைக்கு” என்று எழுதி ஒரு தொகையைக் குறித்திருக்கிறோம். ஊரெங்கும் அத்தகைய வரிகள் பெருகும் நாளிலே, கராஜுக்குப் போ என்னும் சொல் வசையாக இராது.