மகிழமரத்துக்குச் சிகிச்சை

எங்கள் ஊர்ச் சிவாலயத்தின் தல விருட்சம் மகிழமரம். மணமாகி ஏழாண்டுகள் மக்கட்பேறு வாய்க்காதிருந்த என் மனைவி, அதன் தாழ்ந்த கிளையில் சிறு தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டாள். மறு ஆண்டே மகள் பிறந்தாள். பின்னாளில் அந்த நன்றிக்காக மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, அடிமரத்துப் பொந்தையும் சிமெண்டால் அடைத்துக் கொடுத்தேன். மேடையில் என் பெயரும் பொறிக்கப்பட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்!

மூன்றாண்டுகளுக்கு முன் ஆடிக் காற்றில் அக்கிளையில் நெடும் பிளவு கண்டது. மேற்கிளைகளின் நுனிகளும் காய்ந்துகொண்டிருந்தன. சுவாமி புறப்பாட்டு வழியாயிற்றே, மரத்தையே வெட்டிவிடலாம் என்றனர் சிலர். ஆய்வறிக்கையின்றி எக்கடனையும் தள்ளுபடி செய்யாத வங்கியில் காலம் கழித்தவன் நான். முதலில் மர மருத்துவம் அறிந்தவரிடம் காட்டுவோம் என்றேன்.

வந்தவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டி ஓசை கேட்டார். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் விரிந்து எழும்பியிருக்கிறதா என்று பார்த்தார். அவை இருந்தால்தான் பேரச்சமாம். உள்வைரம் உளுத்தாலும் சுற்றிலும் நல்ல மரம் போதிய கனத்தில் இருந்தால் மரம் நிற்கும் என்றார். பிறகு மேடையைக் காட்டி, “இதைக் கட்டியது யார்?” என்று கேட்டார். பெயர்தான் எழுதியிருந்ததே!

நீரும் காற்றும் தேடும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றரை அடி ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்குமாம். அவற்றின்மேல் நான் மூடி போட்டிருந்தேன். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. பொந்துக்குள் ஈரம் தங்கி அழுகலும் வளரும். அடிமரத்தை ஒட்டி நாம் ஏற்றிய விளக்குகளின் சூட்டில் பட்டை ஒருபுறம் கருகியிருந்தது. பக்தர்கள் கட்டிய நைலான் கயிறுகளோ கிளைகளை இறுக்கியிருந்தன.

கல்கத்தாவுக்கு அருகே சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தைக் காசி யாத்திரையின்போது கண்டிருக்கிறேன். பூஞ்சை தாக்கிய அதன் நடுமரத்தை 1925-இல் அகற்றினார்கள். விழுதுகளால் இன்றும் தழைக்கிறது. மகிழுக்கு விழுதில்லையே என்ற கவலை எனக்கு.

குருக்கள் மரத்துக்குப் பூஜை செய்து அனுமதி வேண்டிய பின் பிளந்த கிளையை எடுத்தனர். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி அறுத்தார்கள். அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்ததும், பட்டை உரியாமல் கிளை விழுந்தது. கடைசியில் எஞ்சிய கட்டையை, கிளை தோன்றும் இடத்திலுள்ள கழுத்துப் புடைப்புக்குச் சேதமின்றி, அதற்கு வெளியே நறுக்கினர். ஒருவர் தார் பூச வந்தார். வேண்டாம் என்று தடுத்தார் மருத்துவர். மரத்தின் புண் நம் புண்போல் ஆறுவதில்லை, புதிய பட்டை வளர்ந்து அதை மூடும் என்றார்.

தொட்டில் கட்டிய கிளை அது. என் மனைவி அன்று கோயிலுக்கு வரவில்லை.

மேடையை உடைத்து, வேர் புண்படாமல் அகற்றி, மண்ணும் சருகும் பரப்பினோம். விளக்குகள் இப்போது பத்தடி தள்ளி எரிகின்றன. வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை விரற்கடை அளவு திரண்டிருக்கிறது. சென்ற வெள்ளியன்று என் மனைவி கையை உயர்த்தி அதைத் தடவிப் பார்த்தாள். பின் ஒன்றும் பேசாமல், உதிர்ந்த பூக்களை முந்தானையில் பொறுக்கத் தொடங்கினாள்.