இட்லிக்கு ஒரு பங்காளி

போன மாதம் அக்கா பேத்தி வீட்டுப்பாட நோட்டோடு வந்து நின்றாள். ஒரே எழுத்தில் தொடங்கும் உணவுகளை எழுதி, அவை எந்த நாட்டு உணவு என்று குறிக்க வேண்டுமாம். அவளுக்குக் கொடுத்த எழுத்து 'இ'.

"இட்லி, இடியாப்பம் எழுதிட்டேன் தாத்தா. வெளிநாடு ஒண்ணும் வரமாட்டேங்குது."

உட்கார்ந்து யோசித்தோம். துருக்கியில் 'இமாம் பயில்டி' என்று ஒரு பதார்த்தம் உண்டு. கத்தரிக்காயைக் கீறி, வெங்காயம், தக்காளி, பூண்டு அடைத்து, ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து, ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். 'இமாம் மயங்கி விழுந்தார்' என்பது பெயரின் பொருள். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் 'இக்கான் பாக்கார்': மசாலா தடவிய மீனைப் பெரும்பாலும் வாழை இலையில் வைத்துத் தணலில் சுடுவது. ஜப்பானில் 'இனாரி': சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டியை மெல்லிய பையாகப் பொரித்து, அதற்குள் சோற்றை அடைப்பது. கடைசியாக எத்தியோப்பியாவின் 'இஞ்செரா'.

அதோடு அவள் நோட்டை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குத்தான் அந்தக் கடைசிப் பெயரில் மனசு நின்றுவிட்டது. நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன், அது விளையும் வயலிலும் நின்றிருக்கிறேன்.

கரிசல் காட்டில் கடுகைவிடச் சின்ன தானியம்

வேளாண் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் எத்தியோப்பியாவில் பேராசிரியராக இருந்தார். நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். "அறுவடை நேரம், வந்து பாருடா" என்று அவர் பலமுறை கூப்பிட்ட பிறகு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் கடைசியில் எட்டு நாள் விடுப்பு எடுத்துப் போனேன்.

தலைநகர் அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனவன், முதல் நாளே ஸ்வெட்டர் கடன் வாங்கினேன். அங்கிருந்து தென்கிழக்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் பிஷோஃப்து என்ற ஊர். வழியெல்லாம் யூக்கலிப்டஸ் மரங்கள். ஊர் நெருங்க நெருங்க மண் கறுத்துக்கொண்டே வந்தது. இறங்கிக் கையில் எடுத்துப் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலேதான்.

அந்த மண்ணில் விளைவது டெஃப் என்ற புல்லரிசி. உலகத்தின் மிகச்சிறிய தானியங்களில் அது ஒன்று. ஒரு கிராமில் சுமார் 3,000 விதைகள் இருக்கும். நம் சாமையில் ஒரு கிராமுக்கு 400, 500 விதைதான் வரும். உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும்.

அங்கேயும் எருதுகட்டித்தான் உழவு. அவர்கள் கலப்பைக்கு 'மரெஷா' என்று பெயர். விதை பொடியாக இருப்பதால் மண்ணைப் பல சால் உழுது பொடியாக்குகிறார்கள். பிறகு மாடுகளை நடக்கவிட்டு மேல்மண்ணை இறுக்கி, ஜூலை, ஆகஸ்ட் மழையில் கைவிதைப்பாகத் தூவுகிறார்கள். ஏக்கருக்கு 10 முதல் 20 கிலோ வரை விதை போகிறது. வரிசையில் விதைத்தால் இதில் ஒரு பகுதியே போதும் என்று அந்த நாட்டு வேளாண் துறை சொல்லிவருகிறது. "வரிசைக்கு ஆள் கூலி யார் கொடுப்பது?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் கிராமசபைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

இந்தப் பயிருக்குப் பெரிய எதிரி சாய்வு. தண்டு மெல்லியது, யூரியா கொஞ்சம் கூடினாலும் படுத்துவிடும். ஹெக்டேருக்குச் சராசரி மகசூல் இரண்டு டன்னுக்கும் குறைவுதான். ஆனால் மழை கூடித் தண்ணீர் தேங்கினாலும், குறைந்து வாடினாலும் ஓரளவு தாங்கும். வைக்கோலுக்கு நல்ல மதிப்பு. மாட்டுக்குப் போடுவதோடு, மண்சுவருக்குக் குழைக்கும் சேற்றிலும் கலக்கிறார்கள்.

நான் போன நேரம் களத்தில் மாடுகளைச் சுற்றவிட்டுப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை நான் நம் ஊரில் கடைசியாகப் பார்த்தது சின்ன வயதில்.

மூன்று நாள் புளிக்கும் மாவு

நண்பரின் பக்கத்து வீட்டு அம்மா இஞ்செரா சுட்டுக் காட்டினார். டெஃப் மாவைத் தண்ணீரில் கரைத்து, போன முறை மாவின் மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் கொஞ்சம் விடுகிறார்கள். அதுதான் உறை. அதற்கு 'எர்ஷோ' என்று பெயர். நம் இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்கும். இது இரண்டு, மூன்று நாள் புளிக்கிறது. பிறகு மேல்நீரை இறுத்துவிட்டு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சித் திரும்பவும் அதிலேயே கலக்கிறார்கள்.

'மிட்டாட்' என்ற அகலமான கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி மாவைச் சுற்றி ஊற்றினார். நாம் தோசையை நடுவிலிருந்து வெளியே இழுப்போம், அவர் ரவா தோசைபோல ஓரத்திலிருந்து உள்ளே வந்தார். மூடி போட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டார். மேலே ஆயிரம் கண் திறந்தது. அந்தத் துளைகளை அவர்களும் 'கண்' என்றே சொல்கிறார்கள்.

ஒரு பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து, பருப்புக் குழம்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை என்று மேலேயே பரிமாறுகிறார்கள். புதன், வெள்ளி அவர்களில் பலருக்கு விரத நாள். அன்றைக்குக் கறியும் பாலும் கிடையாது. எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மா ஒரு வாய் பிட்டுக் குழம்பில் தோய்த்து எனக்கு ஊட்டிவிட்டார். 'குர்ஷா' என்ற அந்த உபசாரத்தை மறுக்கக் கூடாதாம். ஐம்பதை ஒட்டிய வயதில் எனக்கு ஒருவர் சோறு ஊட்டியது அன்றுதான்.

விளைவிக்கிறவர் வீட்டுத் தட்டு

மறுநாள் அதே பகுதியில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனோம். நிலம் நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். மூட்டைகளில் வெள்ளை டெஃப் அடுக்கியிருந்தது. அவர் வீட்டில் எங்களுக்கு வைத்த இஞ்செரா மட்டும் பழுப்பு நிறம். நண்பரை விட்டுக் கேட்டேன்.

"வெள்ளை விற்பதற்கு. நாங்கள் சாப்பிடுவது சிவப்பு டெஃபும் சோளமும் கலந்தது" என்றார் அவர்.

நகரத்தில் வெள்ளைக்குத்தான் விலை. விலை ஏறியதால் நகரத்து ஏழைகளும் அரிசிமாவு, மக்காச்சோள மாவு கலந்து சுடுகிறார்கள். உள்நாட்டு விலை எகிறிவிடக் கூடாது என்று 2006-ல் அந்த அரசு டெஃப் தானிய ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2015 முதல் கொஞ்சம் தளர்த்தியது. இதற்கிடையில் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று டெஃப் மாவு பக்குவத்துக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கிவிட்டது. இதில் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை என்று 2018-ல் ஹேக் நகர நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. காலங்காலமாகப் பாட்டிகள் அரைத்த மாவு!

இத்தனைக்கும் நடுவில் டெஃப் அழியவில்லை. காரணம், அங்கே மக்கள் அதைத் தினமும் சாப்பிடுகிறார்கள்.

என் டைரியில் இருக்கும் ஒரு பக்கம்

திரும்பும் விமானத்தில் தூக்கம் வரவில்லை. 1990-களின் நடுவில் நான் கொல்லிமலையில் வேலை பார்த்தேன். சாமையும் தினையும் போட்டுக்கொண்டிருந்த காடுகளில் மரவள்ளி போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்:

"சாமை வயித்துக்கு ஆவும் சார். மரவள்ளி காசுக்கு ஆவும். காசு வராத வருசம் என்ன திங்கறது?"

நான் சிரித்துவிட்டு, 'ஒத்துழைக்காத விவசாயி' என்று டைரியில் எழுதினேன்.

மரவள்ளியில் காசு வந்தது என்பதும் உண்மை. ஓட்டு வீடு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். சாமை குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்களுக்கு ஒரு விடுதலையும் கிடைத்தது. ஆனால் கிழங்கு விலை விழுந்த வருடங்களில் அந்தப் பெரியவரின் கேள்விதான் எனக்குள் எழுந்தது. சாமை பாதி நிலமாவது இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். உமி நீக்கும் இயந்திரம் ஒன்றுக்கு அலைந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அடுத்த முறை மலைக்குப் போனபோது அவரைத் தேடினேன், காலமாகியிருந்தார். அவர் மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். "அப்பா உங்களைத் திட்டினதில்ல சார்" என்றார். அது இன்னும் கனமாக இருந்தது.

ஒரு வாசகரின் கேள்விக்கு

'டெஃப் நம் மானாவாரிக்கு வருமா, விதை எங்கே கிடைக்கும்?' என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர் எனக்கும் ஒரு கைப்பிடி விதை கொடுத்தார். நான் வாங்கவில்லை. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டு விதையைப் பையில் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். களையும் நோயும் அதோடு வந்து சேரும். அப்படியே முறைப்படி வந்தாலும், வாங்கிச் சாப்பிட ஆள் இல்லாத பயிரை எங்கே விற்பீர்கள்?

அந்த இடத்தில் சாமை போடுங்கள். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். மூன்று மாதத்தில் அறுவடை. ஏ.டி.எல் 1 என்ற ரகம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையத்தில் விதை, உமி நீக்கும் இயந்திரம் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். விற்பதற்கு முன் உங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை எடுத்து வையுங்கள். நான்கு பங்கு சாமை அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்தால், காலையில் மாவு பொங்கி நிற்கும்.

அக்கா பேத்தியின் நோட்டில் 'இட்லி, இந்தியா' என்பதற்குப் பக்கத்தில் 'அரிசி, உளுந்து' என்று எழுதியிருந்தாள். 'சாமை' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். "டீச்சர் தப்புன்னு சொன்னா?" என்றாள்.

"சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லு" என்றேன்.