மூலையில் ஒரு நாற்காலி

தில்லிக்கு வந்த நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே இட்டலி நினைவுதான். சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், நண்பர் மூவருடன் கரோல் பாக்கில் உள்ள தமிழ் உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்றேன். கூட்டம் இல்லை. பரிமாறும் பெரியவர் மூலையில் கிடந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டும் உடனே எழவில்லை.

"என்ன பெரியவரே, கடை திறந்திருக்கிறதா, இல்லையா?" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கும் அப்போது அது நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

அவர் எழுந்து வந்து தண்ணீர் வைத்தார். மடித்துவிட்டிருந்த காற்சட்டைக்குக் கீழே, கெண்டைக்காலில் கயிறு கயிறாக முறுக்கிய நீல நரம்புகள். நரம்பு என்பது ஊர்வழக்கு, அவை சிரைகள். உயிரியல் முதுகலை படிப்பவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து, குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் குருதி காலிலேயே தேங்குகிறது. நாளடைவில் சிரைகள் புடைக்கலாம். பரிமாறுபவர்க்கு ஓட்டத்தைவிட, மேசை காலியாகக் கிடக்கும் வேளையில் சுவரோரம் நிற்பதே பெருந்துன்பம்.

அந்தக் கால்கள் எனக்குப் புதியவை அல்ல. மதுரையில் என் தந்தையார்க்கும் அதே கால்கள்தாம். பன்னிரண்டு வயதில் மேசை துடைக்கும் பையனாகச் சேர்ந்தவர் அவர். பதினான்கு வயதுக்குட்பட்டோரை உணவகங்களில் வேலைக்கு வைக்கலாகாது என்ற தடை 2006-இல்தான் வந்தது. அதற்குள் அவருக்கு என்னைப் போல் ஒரு மகனும் பிறந்துவிட்டான்.

உட்காரும் உரிமையும் இப்படிக் காலந்தாழ்த்தி வந்ததுதான். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் போராடினார்கள். கேரளம் 2018-இல் வழிவிட்டது. 2021-இல் தமிழ்நாடும், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்க்கு இருக்கை வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. செய்தி படித்த அன்றே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சில மாதம் கழித்து அவரே அழைத்தார்.

"ஸ்டூல் போட்டுட்டாங்கடா."

"உட்கார்றீங்களாப்பா?"

"தண்ணி கேன் வச்சிருக்கோம் அதுமேல."

"முதலாளி ஏதாவது சொல்றாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. சாப்பிட வர்றவங்கதான் ஒரு மாதிரி பாக்குறாங்க."

அப்படிப் பார்க்கும் மனிதர் யாரோ என்று அன்று எனக்கு ஒரே கோபம்.

சென்ற ஞாயிறு நான் தனியாகவே கரோல் பாக் சென்றேன். அவர் அமர்ந்திருந்தார். கண்ணாடிக் கதவின் வழியே என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டார்.

"உட்காருங்கள் ஐயா, எனக்கு அவசரம் இல்லை."

"இருக்கட்டும் தம்பி. இட்டலி சூடா இருக்கு, கொண்டு வரவா?"